ஒரு வேலைக்கு ஒரு வென்வ்: பைத்தானுக்குப் புதியவர்களுக்கு

பைத்தான் மொழியைப் படிப்பதில் யாரும் பெரிதாகத் திணறுவதில்லை. லூப், இஃப், ஃபங்ஷன் எல்லாம் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். ஆள் சோர்ந்துபோவது வேறு இடத்தில். நேற்று ஓடிய புரோகிராம் இன்று ஓடாது. கல்லூரி லேபில் ஓடியது வீட்டில் ஓடாது. "மாட்யூல் நாட் ஃபவுண்ட்" என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும். அந்த பேக்கேஜைத்தான் (பிறர் எழுதித் தந்த புரோகிராம் தொகுப்பு) சற்றுமுன் இன்ஸ்டால் செய்திருப்போம். மதுரையில் பைத்தான் சொல்லிக்கொடுக்கும்போது என்னிடம் வருகிற கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். கேட்பவருக்கு மூளை இல்லை என்று அர்த்தமில்லை. எல்லா வேலைக்குமான பேக்கேஜ்களும் ஒரே இடத்தில் கொட்டிக்கிடக்கின்றன, அவ்வளவுதான் விஷயம். வென்வ் என்ற கருவியால் அதைப் பிரித்து வைக்கும் வழியைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். விண்டோஸ் அல்லது உபுண்டு போட்ட ஒரு கணினியும் கொஞ்சம் இணையமும் இருந்தால் போதும்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். புள்ளி, கோடு, இடைவெளி எல்லாம் இருக்கிறபடியே வர வேண்டும். அடிக்கடி வரும் பெயர்களின் எழுத்துகள்: பை என்பது பி, ஒய். பிப் என்பது பி, ஐ, பி. வென்வ் என்பது வி, இ, என், வி.

ஏன் பிரித்து வைக்க வேண்டும்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நீங்கள் சின்ன வேலை ஒன்று செய்துகொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மல்லி, பிச்சி, சம்பங்கி என்று ஒவ்வொரு பூவும் அன்றன்று என்ன விலைக்குப் போனது, எந்த விவசாயிக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை, எக்செல்லில் சிஎஸ்வியாகச் சேமித்த ஃபைலிலிருந்து எடுத்துக் கூட்டித் தரும் புரோகிராம். பாண்டாஸ் என்ற பேக்கேஜை வைத்து எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு நாள் வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்க்க 'அப்பெண்ட்' என்ற வசதியைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். நன்றாக ஓடுகிறது.

பிறகு கல்லூரி புராஜெக்ட் வருகிறது. அதற்குப் புதிய பாண்டாஸ் வேண்டும் என்று அப்டேட் செய்கிறீர்கள். மறுநாள் விடிகாலையில் போன்: "தம்பி, கணக்கு வரலையேப்பா. ஏதோ இங்கிலீசுல வருது." நடந்தது என்ன? டேட்டாஃப்ரேமில் (பாண்டாஸின் அட்டவணை) இருந்த அப்பெண்ட் கைவிடப்படப் போகிறது என்று 2022 ஜனவரியில் வந்த பாண்டாஸ் 1.4 எச்சரிக்கை கொடுத்தது. 2023 ஏப்ரலில் வந்த 2.0 அதை எடுத்தேவிட்டது. நீங்கள் பூக்கடை புரோகிராமில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. அதன் காலடியில் இருந்த பேக்கேஜ் மாறிவிட்டது.

இரண்டு வேலைக்கும் தனித்தனி பாண்டாஸ் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அப்படித் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் இடம்தான் வெர்ச்சுவல் என்விரான்மென்ட். இதை உருவாக்கும் வென்வ் என்ற கருவி 2012இல் வந்த பைத்தான் 3.3 முதல் மொழியோடு சேர்ந்தே வருகிறது. பேக்கேஜ்களை இறக்கித் தரும் பிப் 2014இல் வந்த 3.4 முதல் கூடவே வருகிறது. ஆகவே தனியாக எதையும் வாங்கவோ தேடவோ வேண்டாம்.

பைத்தானை இறக்குவது

விண்டோஸில் பைத்தான்.ஆர்க் தளத்திலிருந்தே இறக்குங்கள். 64-பிட் பதிப்பாக இருக்கட்டும். வழக்கமான இன்ஸ்டாலரின் முதல் திரையில் கீழே 'ஆட் பைத்தான்.எக்ஸி டு பாத்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்துவிட்டுத்தான் இன்ஸ்டால் பட்டனை அழுத்த வேண்டும். புதியவர்கள் அவசரத்தில் தவறவிடுவது இந்தக் கட்டத்தைத்தான்.

எந்தப் பதிப்பு? ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஒரு புதிய பைத்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டுகள் ஆதரவு உண்டு. புதிதாக வந்த உடனே அதை எடுக்காதீர்கள். அதற்கு ஏற்றபடி பேக்கேஜ்காரர்கள் தங்கள் சரக்கைத் தயார்செய்யச் சில மாதங்கள் ஆகும். அதற்கு முந்தைய பதிப்பை எடுத்தால் வம்பில்லை.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்கள் நம் பக்கத்தில் இன்னும் நிறைய வீடுகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அதில் விண்டோஸ் 7 இருந்தால் பைத்தான் 3.9 முதல் எதுவும் ஏறாது, 3.8 தான் கடைசி. அந்த 3.8க்கும் 2024 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. அந்த மாதிரிக் கணினியில் பழைய பைத்தானோடு மல்லுக்கட்டுவதைவிட, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்வதே என் யோசனை.

இன்ஸ்டால் ஆனபின் டெர்மினலில் (கட்டளை தட்டும் கறுப்புத் திரை) இதைத் தட்டுங்கள்:

பை --வெர்ஷன்

பதிப்பு எண் வந்தால் சரி. சிலருக்கு 'பைத்தான்' என்று முழுதாகத் தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியசஸ்' என்று தேடி, அங்கே பைத்தான் பெயரில் இருக்கும் சுவிட்சுகளை அணைத்தால் அது நின்றுவிடும்.

உபுண்டுவில் பைத்தான் ஏற்கெனவே இருக்கும். வென்வ் மட்டும் தனியாக வேண்டும்:

சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்

இதைச் செய்யாமல் விட்டால், அடுத்த படியில் 'என்ஷ்யூர்பிப் இல்லை' என்ற பொருளில் ஒரு பிழை வந்து நிற்கும்.

ஃபோல்டர், வென்வ், ஆக்டிவேட்

முதலில் வேலைக்கு ஒரு ஃபோல்டர். சி டிரைவில் 'வேலை' என்று ஒன்று, அதற்குள் 'பூக்கணக்கு' என்று ஒன்று. இரண்டு பெயரையும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். டெஸ்க்டாப்பில் வைக்க வேண்டாம். பல கணினிகளில் டெஸ்க்டாப் ஃபோல்டர் ஒன்டிரைவோடு இணைந்திருக்கும். வென்வுக்குள் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் இருப்பதால் ஒன்டிரைவ் அத்தனையையும் மேலே ஏற்றத் தொடங்கி, கணினியையும் உங்கள் டேட்டாவையும் தின்றுவிடும். ஃபோல்டர் பாதை சுருக்கமாக இருப்பதும் நல்லது; விண்டோஸில் பாதையின் நீளத்துக்கு 260 எழுத்து என்ற பழைய வரம்பு இன்னும் அங்கங்கே முட்டும்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரி காட்டும் பட்டையில் சிஎம்டி என்று தட்டி என்டர் அழுத்துங்கள். அந்த ஃபோல்டரிலேயே கறுப்புத் திரை திறக்கும். இப்போது:

பை -எம் வென்வ் .வென்வ்

முதல் வென்வ் கருவியின் பெயர். புள்ளியோடு வரும் இரண்டாவது, உருவாகப்போகும் ஃபோல்டரின் பெயர். சில நொடிகள் சும்மா நிற்கும், எதுவும் சொல்லாது, பிறகு கர்சர் திரும்பிவரும். வேலை முடிந்தது என்று பொருள். உபுண்டுவில் 'பை' இருக்கும் இடத்தில் பைத்தான்3 என்று தட்டுங்கள்.

அடுத்து ஆக்டிவேட். விண்டோஸ் கறுப்புத் திரையில்:

.வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்

உபுண்டுவில்:

சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்

வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் .வென்வ் என்று வந்து உட்காரும். அது தெரிந்தால் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். வெளியே வர 'டீஆக்டிவேட்' என்று தட்டினால் போதும்.

விண்டோஸ் 11இல் டெர்மினல் திறந்தால் பெரும்பாலும் பவர்ஷெல்தான் வரும். அதில் ஆக்டிவேட் செய்யும்போது 'ரன்னிங் ஸ்கிரிப்ட்ஸ் இஸ் டிசேபிள்ட்' என்று சிவப்பாக ஒரு பத்தி வந்தால் கணினி கெட்டுவிடவில்லை. ஸ்கிரிப்ட் ஃபைல்களை ஓட்டவிடாமல் பவர்ஷெல் போட்டிருக்கும் பூட்டு அது. உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் அதைத் தளர்த்த:

செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி -ஸ்கோப் கரன்ட்யூசர் ரிமோட்சைன்ட்

ஒரு முறை செய்தால் போதும். அல்லது நான் சொன்னபடி சிஎம்டி திரையிலேயே வேலை செய்யுங்கள், இந்தப் பேச்சே வராது.

உள்ளே என்ன இருக்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, உருவான ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். இதைப் பார்த்தவர்களுக்கு வென்வ் மீதான பயம் போய்விடுகிறது.

விண்டோஸில் உள்ளே ஸ்கிரிப்ட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஒரு பைத்தான்.எக்ஸி, ஒரு பிப்.எக்ஸி, ஆக்டிவேட் ஃபைல்கள். லிப் என்ற ஃபோல்டருக்குள் சைட்-பேக்கேஜஸ் என்று ஒன்று. இனி நீங்கள் இன்ஸ்டால் செய்வதெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். வெளியே பைவென்வ்.சிஎஃப்ஜி என்று ஒரு சிறு ஃபைல். அதை நோட்பேடில் திறந்தால் 'ஹோம் =' என்று ஒரு வரி தெரியும்: மூல பைத்தான் கணினியில் எங்கே இருக்கிறது என்ற முகவரி. முழு பைத்தானும் இங்கே நகலாகவில்லை. மொழியின் அடிப்படை நூலகத்தை மூலத்திலிருந்தே எடுத்துக்கொண்டு, பேக்கேஜ்களை மட்டும் தனியாக வைத்துக்கொள்கிறது.

ஆக்டிவேட் செய்வது என்றால்? 'பைத்தான்' என்று நீங்கள் தட்டும்போது கணினி எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்ற வரிசைக்குப் பாத் என்று பெயர். அந்த வரிசையின் தலையில் இந்த ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரை வைக்கிறது. முக்கியமான வேலை அவ்வளவுதான். ஆகவே அந்த ஒரு டெர்மினல் திரைக்கு மட்டுமே அது செல்லும். திரையை மூடிவிட்டு மறுநாள் திறந்தால் மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டும். 'நேற்று இன்ஸ்டால் செய்தேன், இன்று காணோம்' என்று வருபவர்களில் பலருக்கு நேர்வது இதுதான்.

இன்னொன்றும் புரியும்: ஆக்டிவேட் செய்யாமலே வேலை பார்க்கலாம். .வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\பைத்தான் என்று முழுப் பாதையோடு அழைத்தால் அது தன் பேக்கேஜ்களோடுதான் ஓடும். பூக்கடைக் கணக்கு தினமும் தானாக ஓட வேண்டுமென்றால் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் 'புரோகிராம்' என்ற கட்டத்தில் இந்த பைத்தான்.எக்ஸியின் முழுப் பாதையையும், 'ஆட் ஆர்குமென்ட்ஸ்' கட்டத்தில் உங்கள் ஃபைலின் பெயரையும், 'ஸ்டார்ட் இன்' கட்டத்தில் பூக்கணக்கு ஃபோல்டரையும் கொடுங்கள். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டால், அந்த சிஎஸ்வி ஃபைலை எங்கே தேடுவது என்று புரோகிராமுக்குத் தெரியாமல் போகும்.

முதல் பேக்கேஜ்

பழகிப்பார்க்கத் தமிழுக்கான ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஓப்பன்-தமிழ் என்பது தமிழ் எழுத்துகளைக் கையாளும் பேக்கேஜ். புதிய ஃபோல்டர், புதிய வென்வ், ஆக்டிவேட். பிறகு:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் ஓப்பன்-தமிழ்

வெறும் 'பிப் இன்ஸ்டால்' என்று எல்லோரும் எழுதுவார்கள். நான் முன்னால் 'பைத்தான் -எம்' சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான் இருந்தால் வெறும் பிப் எந்த பைத்தானுடையது என்பது தெரியாது. இப்படித் தட்டினால் இப்போது ஓடும் பைத்தானின் பிப் மட்டுமே வரும்.

நோட்பேடில் ஒரு ஃபைல் எழுதுங்கள்:

இம்போர்ட் தமிழ்
ஊர் = "மதுரை"
பிரிண்ட்(லென்(ஊர்))
பிரிண்ட்(லென்(தமிழ்.யூடிஎஃப்8.கெட்_லெட்டர்ஸ்(ஊர்)))

இதில் 'ஊர்' என்ற மாறியின் பெயரையும் 'மதுரை' என்ற சொல்லையும் தமிழிலேயே தட்டலாம். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும். மற்றதெல்லாம் ஆங்கில எழுத்தில். ஓட்டினால் முதலில் 5 என்றும் அடுத்து 3 என்றும் வரும். பைத்தான் தானாக எண்ணும்போது உகரக் குறியையும் ஐகாரக் குறியையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஓப்பன்-தமிழ் ம, து, ரை என்று நாம் எண்ணுவதுபோல எண்ணுகிறது.

இந்த ஃபைலுக்குத் 'தமிழ்.பை' என்று பெயர் வைக்காதீர்கள். கை தானாக அந்தப் பெயரைத்தான் தட்டும். அப்படி வைத்தால், இம்போர்ட் தமிழ் என்றதும் பைத்தான் முதலில் பக்கத்தில் கிடக்கும் உங்கள் ஃபைலையே எடுத்துக்கொண்டு, 'பார்ஷியலி இனிஷியலைஸ்ட் மாட்யூல்' என்று முறையிடும். பாண்டாஸ்.பை, ரேண்டம்.பை போன்ற பெயர்களுக்கும் இதே கதிதான். 'எழுத்து.பை' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எது எங்கே இருக்கிறது என்று சந்தேகம் வந்தால்

பேக்கேஜ் இருக்கிறது என்று பிப் சொல்கிறது, இல்லை என்று புரோகிராம் சொல்கிறது என்றால் இரண்டும் வெவ்வேறு பைத்தானைப் பார்க்கின்றன. முதலில் இதைத் தட்டுங்கள்:

பைத்தான் -எம் பிப் --வெர்ஷன்

பதிப்பு எண்ணுக்குப் பின்னால் ஒரு பாதை வரும். அதில் உங்கள் வேலை ஃபோல்டரும் .வென்வும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஆக்டிவேட் ஆகவில்லை. பாதை சரியாக இருந்தும் புரோகிராம் ஓடவில்லையென்றால், விஎஸ் கோடு போன்ற எடிட்டர் வேறு பைத்தானைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். விஎஸ் கோடில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'பைத்தான்: செலக்ட் இன்டர்பிரட்டர்' என்பதைத் தேர்ந்து, பட்டியலில் .வென்வ் இருப்பதைச் சொடுக்குங்கள்.

உபுண்டு 24.04 போன்ற புதிய லினக்ஸில் வென்வுக்கு வெளியே பிப் இன்ஸ்டால் செய்தால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்' என்று மறுத்துவிடும். நல்லதுதான். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் அந்த பைத்தானில்தான் ஓடுகின்றன. அதில் நாம் கைவைத்தால் கணினியே இடறும். அந்தப் பிழைச் செய்தியிலேயே 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்று ஒரு தப்பும் வழி எழுதியிருக்கும். அதைத் தட்டச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வென்வ் போட்டு உள்ளே இன்ஸ்டால் செய்யுங்கள்.

சிட்டைதான் சொத்து

கல்யாண வீட்டுச் சமையல் மாஸ்டர் மளிகைக்குச் சிட்டை எழுதிக் கொடுப்பார். துவரம்பருப்பு இத்தனை கிலோ, இந்த ரகம் என்று. அந்தச் சிட்டை கையில் இருந்தால் எந்த ஊர் மண்டபத்திலும் அதே சாப்பாட்டைச் செய்துவிடலாம். பைத்தானில் அந்தச் சிட்டைக்கு ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி என்று பெயர். வேலை நன்றாக ஓடும் நிலையில், வென்வுக்குள் இருந்தபடி:

பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ் > ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி

ஃபைலைத் திறந்து பாருங்கள். வரிக்கு ஒரு பேக்கேஜ், நடுவில் இரண்டு சமக்குறி, பிறகு பதிப்பு எண். நீங்கள் கேட்டது பாண்டாஸ் ஒன்றுதான். நம்பை, பைத்தான்-டேட்யூட்டில், சிக்ஸ் என்று அது கூட்டிவந்தவையும் வரிசையில் நிற்கும். அவற்றை வேண்டாதவை என்று அழித்துவிடாதீர்கள்.

ஏன் என்பதற்கு பூக்கடை உதாரணமே போதும். பழைய புரோகிராமை மீண்டும் ஓடவைக்க, சிட்டையில் பாண்டாஸ்==1.5.3 என்று மட்டும் எழுதுகிறீர்கள். பைத்தான் 3.11இல் இன்ஸ்டால் ஆகிவிடும். ஆனால் ஓடாது. 'நம்பை.டிடைப் சைஸ் சேஞ்ச்ட்' என்று ஒரு விசித்திரமான பிழை வரும். காரணம், அந்த பாண்டாஸ் நம்பை 1 காலத்தில் கட்டப்பட்டது. எந்த நம்பை வேண்டும் என்று நீங்கள் சொல்லாததால், 2024 ஜூனில் தொடங்கிய நம்பை 2 வரிசையிலிருந்து ஒன்றை பிப் இறக்கிவிட்டது. 'நம்பை<2' என்று இன்னொரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். அந்தக் காலத்திலேயே ஃப்ரீஸ் செய்து வைத்திருந்தால் இந்த ஆராய்ச்சியே தேவைப்பட்டிருக்காது.

(இந்த < குறியை நேராகக் கட்டளையில் தட்டுவதாக இருந்தால், பேக்கேஜ் பெயரையும் சேர்த்து இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். இல்லாவிட்டால் டெர்மினல் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளும். சிட்டைக்குள் எழுதும்போது மேற்கோள் வேண்டாம்.)

சிட்டையிலிருந்து இன்ஸ்டால் செய்ய:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி

சிட்டை பத்திரமாக இருந்தால் .வென்வ் ஃபோல்டரை எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம். பேக்கேஜ் குழப்பம் முற்றிவிட்டால் ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்துகொண்டிருக்காதீர்கள்; பிப் நீங்கள் சொன்ன பேக்கேஜை மட்டும்தான் எடுக்கும், அது கூட்டிவந்தவற்றை அப்படியே விட்டுவிடும். ஃபோல்டரையே அழித்துவிட்டுப் புதிதாக வென்வ் உருவாக்கிச் சிட்டையை ஓட்டுவது வேகமும் சுத்தமும். அந்த ஃபோல்டருக்குள் உங்கள் புரோகிராம் ஃபைல்களை மட்டும் ஒருநாளும் வைக்காதீர்கள்.

வென்வை இடம் மாற்றவும் முடியாது. புராஜெக்ட் ஃபோல்டர் முழுவதையும் பென்டிரைவில் போட்டு லேபுக்கு எடுத்துப்போய், 'ஓடவில்லையே' என்று கையைப் பிசைகிற மாணவர்களை ஒவ்வொரு செமஸ்டரிலும் பார்க்கிறேன். அந்த 'ஹோம் =' வரியை நினைத்துப் பாருங்கள். வீட்டுக் கணினியின் முகவரி லேப் கணினியில் எங்கே இருக்கும்? .வென்வ் தவிர மற்றதை எடுத்துப்போங்கள். அங்கே புதிதாக உருவாக்குங்கள்.

இணையம் இல்லாத இடத்தில்

பேரையூர்ப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ ஒரு பள்ளி லேபில் பத்துக் கணினி இருக்கிறது. இணையம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. ஒவ்வொரு கணினியிலும் பாண்டாஸை இறக்க நாள் போய்விடும். இதற்கு வழி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. இணையம் நன்றாக இருக்கும் கணினியில் ஒரு வென்வ் போட்டு, உள்ளே இருந்தபடி:

பைத்தான் -எம் பிப் வீல் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி -டபிள்யூ சரக்கு

சரக்கு என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாகி, அதற்குள் டபிள்யூஹெச்எல் என்று முடியும் ஃபைல்கள் வந்து நிற்கும். அவைதான் வீல்கள்: நேராக எடுத்து வைக்கத் தயாரான பேக்கேஜ்கள். சரக்கு ஃபோல்டர், சிட்டை, புரோகிராம் மூன்றையும் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். லேபில் வென்வ் உருவாக்கி, ஆக்டிவேட் செய்து:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ் சரக்கு -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி

நோ-இண்டெக்ஸ் என்றால் இணையத்தைத் தேடாதே என்று பொருள். 'பிப் டவுன்லோட்' என்றும் ஒரு கட்டளை உண்டு. ஆனால் சில பேக்கேஜ்கள் அதில் மூலக்கோடாகவே (இன்னும் கட்டாத, எழுதிய வடிவம்) இறங்கும். லேபில் அதைக் கட்டியெழுப்ப மறுபடி இணையம் கேட்கும். பிப் வீல் அந்தக் கட்டும் வேலையையும் இங்கேயே முடித்துக்கொடுத்துவிடும்.

ஒரே நிபந்தனை: இரண்டு கணினியிலும் பைத்தானின் பதிப்பும் இயங்குதளமும் ஒன்றாக இருக்க வேண்டும். வீல் ஃபைலின் பெயரிலேயே அது எழுதியிருக்கும். சிபி311 என்று இருந்தால் பைத்தான் 3.11க்கு, வின்_ஏஎம்டி64 என்று இருந்தால் 64-பிட் விண்டோஸுக்கு. பை3-நன்-எனி என்று இருந்தால் பைத்தான் 3 உள்ள எந்தக் கணினியிலும் ஏறும். பைத்தான் இன்ஸ்டாலரையும் அதே பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனால் பதிப்பு மாறும் கவலையே இல்லை.

பழைய பைத்தான் தேவைப்படும்போது

பாண்டாஸ் 1.5.3க்கு பைத்தான் 3.11 வரைதான் தயாரான வீல்கள் உண்டு. 3.13இல் அதைக் கேட்டால், பிப் மூலக்கோடை இறக்கிக் கட்ட முயலும். விண்டோஸில் பெரும்பாலும் 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ வேண்டும்' என்று சொல்லி நின்றுவிடும். அந்தப் பல ஜிபி சரக்கை இறக்கப் போகாதீர்கள். பைத்தான் 3.11ஐயும் கணினியில் சேர்த்து இன்ஸ்டால் செய்துவிட்டு,

பை -3.11 -எம் வென்வ் .வென்வ்

என்று தட்டினால் அந்த வேலைக்கு மட்டும் 3.11 கிடைக்கும். எந்தெந்தப் பதிப்புகள் இருக்கின்றன என்று பார்க்க 'பை --லிஸ்ட்'. 3.12 முதல் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற பகுதியும் பைத்தானிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பழைய புத்தகத்துப் புரோகிராம் அந்தப் பெயரைச் சொல்லி விழுந்தாலும் இதே மருந்துதான்.

பெயரைத் தட்டும்போது

பேக்கேஜ்கள் வரும் பைபிஐ கிடங்கில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட புராஜெக்டுகள் உள்ளன. யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். அதனால் பிரபலமான பெயர்களுக்குச் சாயலான பெயரில் திருட்டுப் பேக்கேஜ்களும் வந்து போகின்றன. ஜெல்லிஃபிஷ் என்ற நல்ல பேக்கேஜ் இருக்கிறது. அதில் ஒரு 'எல்' எழுத்துக்குப் பதில் பெரிய எழுத்து 'ஐ' போட்டு, கண்ணுக்கு வித்தியாசம் தெரியாதபடி ஒரு போலியை ஏற்றியிருந்தார்கள். 2019 டிசம்பரில் கண்டுபிடித்து நீக்கினார்கள். கணினியிலிருந்து ரகசியச் சாவிகளைத் திருடுவது அதன் வேலை. அதனால் இன்ஸ்டால் பெயரை அந்தந்தப் பேக்கேஜின் சொந்தத் தளத்திலிருந்து பார்த்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வரியை அப்படியே ஒட்டாதீர்கள். வென்வ் உங்களை இதிலிருந்து காக்காது. அது பேக்கேஜ்களைப் பிரித்து வைக்குமே தவிர, உள்ளே ஓடும் புரோகிராமுக்குப் பூட்டுப் போடாது.

இன்ஸ்டால் பெயரும் இம்போர்ட் பெயரும் சில இடங்களில் வேறு வேறு. பில்லோ என்று இன்ஸ்டால் செய்து பிஐஎல் என்று (மூன்றும் பெரிய எழுத்து) இம்போர்ட் செய்ய வேண்டும். ஓப்பன்சிவி-பைத்தான் உள்ளே சிவி2 ஆகிவிடும். சைகிட்-லேர்ன், எஸ்கேலேர்ன் ஆகும். பியூட்டிஃபுல்சூப்4, பிஎஸ்4 ஆகும்.

மற்ற கருவிகள்

யுவி என்ற கருவி 2024 பிப்ரவரியில் வந்தது. ரஸ்ட் மொழியில் எழுதியது. வென்வ் உருவாக்குவது, இன்ஸ்டால் செய்வது, தேவையான பைத்தான் பதிப்பை இறக்குவது எல்லாவற்றையும் மிக வேகமாகச் செய்கிறது. நானே இப்போது அதிகம் பயன்படுத்துவது அதைத்தான். ஆனாலும் வென்வையும் பிப்பையும் கையால் செய்து பழகிய பிறகு அதற்குப் போங்கள். பிழை வரும்போது எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்கும். பைத்தானும் பேக்கேஜ்களும் சேர்ந்து வரும் அனகோண்டா தொகுப்பைக் கல்லூரிகளில் நிறையப் பேர் போடுகிறார்கள். அறிவியல் பேக்கேஜ்களுக்கு வசதிதான், ஆனால் டிஸ்க்கில் பல ஜிபி எடுக்கும்; 200 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அது இலவசமும் இல்லை. எதை எடுத்தாலும் ஒரே என்விரான்மென்ட்டுக்குள் கோண்டாவையும் (அனகோண்டாவின் இன்ஸ்டால் கருவி) பிப்பையும் மாற்றி மாற்றிப் போடாதீர்கள்.

டிஸ்க் நிரம்பிக்கொண்டே வந்தால் முடிந்துபோன வேலைகளின் .வென்வ் ஃபோல்டர்களை அழியுங்கள். சிட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. பிப் ஏற்கெனவே இறக்கியவற்றை ஒரு மூலையில் சேர்த்தும் வைத்திருக்கும். அதைக் காலிசெய்ய:

பைத்தான் -எம் பிப் கேஷ் பர்ஜ்

செல்போன் டேட்டாவில் வேலை பார்ப்பவர்கள் மட்டும் இதை அடிக்கடி செய்ய வேண்டாம். அடுத்த வென்வுக்கு அதே பாண்டாஸ் தேவைப்படும்போது, இணையத்தில் மறுபடி இறக்காமல் அந்த மூலையிலிருந்தே பிப் எடுத்துக்கொள்ளும்.